படலையில் நின்று கூப்பிடுங்கள்: யாழ்ப்பாணப் பயண எழுத்து பற்றி

தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போவது இப்போது எளிதாகிவிட்டது. 2019 அக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்றுபோன சென்னை விமானம் 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளிலேயே நின்ற அது 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. எங்கள் நாகைப் பக்கத்து ஆட்களுக்கு, காலையில் கப்பல் ஏறினால் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் அக்கரை.

ஆள் போகிற வழியில் எழுத்தும் போகும். பயணக் கட்டுரைகள், 'போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை' என்ற பட்டியல்கள், சிறு வழிகாட்டிகள் எல்லாம் வரத் தொடங்கிவிட்டன. நம் சமுதாய இதழ்களும் இதில் பின்தங்கவில்லை. சில காலமாக இவற்றைச் சேர்த்து வைத்து வாசித்து வருகிறேன். மூன்று முறை அங்கே போயும் வந்தேன். இந்தக் கட்டுரையில் எந்த எழுத்தாளரையும் பெயர் சொல்லிக் குறை கூறப் போவதில்லை. நான் காணும் குறை தனி ஒருவருடையதாக இல்லை. இந்த வகை எழுத்துக்கே அது பழக்கமாகிவிட்டது.

அந்தக் குறை இதுதான். வெளிநாடு போகிறவன் தன் உடம்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இந்த எழுத்து சொல்லித் தருகிறது. நாக்கை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித் தருவதில்லை. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை முதலில் வேண்டியது நாக்கின் ஒழுக்கம்.

வழிகாட்டிகள் சொல்வது

முதலில் அவற்றின் நன்மையைச் சொல்லிவிடுவது நியாயம். இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும், திரும்பும் டிக்கெட்டின் நகல் கையில் இருக்க வேண்டும், நம் நாட்டு நேரமே அங்கும் நேரம், பல இடங்களில் சதுரக் கால் பிளக் என்பதால் அடாப்டர் தேவை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பலை நம்பித் திகதி குறிக்காதே என்பவை எல்லாம் பயனுள்ள செய்திகள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது, போயா நாளில் இறைச்சிக் கடையும் மதுக்கடையும் பூட்டியிருக்கும், ராணுவ முகாமையும் கடற்படைக் காவலையும் படம் பிடிக்காதே, முகமாலைப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் தார் ரோட்டை விட்டு இறங்காதே என்றும் சொல்கிறார்கள். சரியான எச்சரிக்கைகள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். அங்கே திருவிழா 25 நாள் நடக்கிறது. அந்த நாட்களில் பல வீடுகளில் மச்சம் சமைக்க மாட்டார்கள் என்பதைச் சிலர்தான் எழுதுகிறார்கள். அங்கே மச்சம் என்றால் மீனும் இறைச்சியும். அந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டு, 'கடல் ஊருக்கு வந்துட்டு மீன் இல்லாமலா?' என்று சிரிப்பது அழகில்லை. மாட்டிறைச்சியைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். நமக்கு அது சாப்பாடு. சைவக் குடும்பம் ஒன்றின் முற்றத்தில் அது வேறு சங்கதி.

முஸ்லிம் பயணிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை இந்தப் பட்டியல்களில் மிகவும் குறைவு. ஹலால் சாப்பாட்டுக் கடை தேடுவோர் யாழ்ப்பாண நகரில் ஐந்து சந்தி எங்கே என்று கேட்டால் போதும். பள்ளிவாசலும் அந்தப் பகுதியிலேயே கிடைக்கும். சுற்றுலா அனுமதியில் போகிறவர்கள் சுற்றிப் பார்க்கலாம், உறவினரைக் காணலாம். பயான், வசூல் என்று இறங்கக் கூடாது. அவற்றுக்கான அனுமதி வேறு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அவசரகால விதிகளின் கீழ் முகம் மூடும் உடைக்குத் தடை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவசரகால நிலை முடிந்ததோடு அந்தத் தடையும் போனது. ஆனாலும் சோதனைச் சாவடியில் முகம் பார்க்கக் கேட்பது உண்டு. பெண்கள் அடையாள ஆவணத்தை எட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவோடு வழிகாட்டியின் வேலை முடிந்துவிடுகிறது. செருப்பு, சட்டை, செருகி, சில்லறைக் காசு. இதற்குப் பிறகுதான் பயணி வாயைத் திறக்கிறான்.

ஒரே மொழி என்ற நம்பிக்கை

தமிழ்நாட்டுப் பயணிக்கு யாழ்ப்பாணம் வெளிநாடாகத் தோன்றுவதில்லை. கடைப்பலகை தமிழில் இருக்கிறது. பஸ்ஸில் தமிழ்ப் பாட்டு ஓடுகிறது. 'நம்ம ஊரு மாதிரியே இருக்கு' என்பதுதான் நான் வாசித்த கட்டுரைகளில் அதிகம் வரும் வாக்கியம். அந்த வசதியே அவனைத் தயாரிப்பு இல்லாமல் விட்டுவிடுகிறது. மொழி தெரியாத நாட்டில் மனிதன் வாய் திறக்க யோசிப்பான். இங்கே யோசிப்பதில்லை.

சின்னச் சொற்களிலேயே தடுக்கும். 'பேசுவது' என்றால் அங்கே திட்டுவது. 'ஐயா பேசினவர்' என்று ஒருவர் முகம் வாடிச் சொன்னால், ஐயா ஏசியிருக்கிறார் என்று அர்த்தம். நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். 'உங்களோட கொஞ்சம் கதைக்கலாமோ?' என்று கேட்டால் எந்தக் கதவும் திறக்கும். 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்'. 'நீர் எங்க இருந்து வாறீர்?' என்று ஒரு பெரியவர் கேட்டால் நாடக வசனம் என்று சிரிக்கக் கூடாது. 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவே ஒரு மரியாதையை அவர்கள் இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆட்டோக்காரர் அண்ணை. வயதில் மூத்த பெண் அம்மா, அல்லது அன்ரி. முஸ்லிம் வீட்டில் மூத்த ஆண் நானா. இலங்கை முஸ்லிம்கள் தாத்தா என்று அழைப்பது அக்காவை; நம் பக்கத்து ராத்தாதான் அவர். பாட்டனாரை எதிர்பார்த்துத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இவை சிரிப்போடு முடியும் தடுமாற்றங்கள். சிரிப்போடு முடியாத ஒன்றும் இருக்கிறது.

'நீங்க தமிழரா, முஸ்லிமா?' என்று அங்கே சாதாரணமாகக் கேட்பார்கள். தமிழ்நாட்டு முஸ்லிமுக்கு இந்தக் கேள்வியே விளங்காது. தமிழ் என் மொழி, இஸ்லாம் என் மார்க்கம், இரண்டில் எதை விடச் சொல்கிறாய் என்று தோன்றும். உடனே அங்குள்ள முஸ்லிமைப் பார்த்து, 'நாமெல்லாம் தமிழர்தானே, நீங்க ஏன் பிரிச்சுப் பேசுறீங்க?' என்று உபதேசம் தொடங்கும். நம் கட்டுரைகள் பலவற்றில் இந்தக் காட்சி பெருமையோடு வருகிறது.

இலங்கையில் சோனகர் என்பது குடிக்கணக்கிலேயே தனி இனம். அதன் பின்னால் நீண்ட வழக்கு இருக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஆய்வுரை ஒன்றை வாசித்தார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டு அந்த இடம் கிடைத்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு விரிவான மறுப்பை நூலாக வெளியிட்டார். ஆக, 'நீங்களும் தமிழர்தானே' என்று நாம் பாசமாகச் சொல்லும் வாக்கியம் அவர்கள் காதில் பாசமாக விழுவதில்லை. தங்கள் அரசியல் இடத்தை மறுப்பதற்குச் சொல்லப்பட்ட வாக்கியமாக ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது விழுந்துகொண்டிருக்கிறது. அந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு ஆராய்ச்சி. விருந்தாளி அதைத் தேநீர்க் கோப்பையோடு தீர்த்துவைக்க முயலக் கூடாது என்பதே நான் சொல்வது.

ஒரு தெரு விடுபடுகிறது

பொதுவான தமிழ்ப் பயணக் கட்டுரையில் யாழ்ப்பாணத்துக்கு ஒரே வீட்டுக்காரர்தான். நல்லூர், பொது நூலகம், கோட்டை, கீரிமலை, நயினாதீவு, பருத்தித்துறை, கூழ், பனங்கட்டி, அத்தோடு சரி. சோனகத் தெரு வருவதில்லை. நகரின் நடுவிலிருந்து நடந்தே போகக்கூடிய இடம். ஆனாலும் அது பயணியின் வரைபடத்தில் இல்லை.

யாழ்ப்பாணத்துத் தமிழிலக்கியத்தில் முஸ்லிம்களின் பங்கு இந்த இதழின் வாசகர்களுக்குப் புதிதில்லை. பதுறுத்தீன் புலவரும் அசனாலெப்பைப் புலவரும் அந்த மண்ணில் பாடியவர்கள். பயண எழுத்து பற்றிப் பேசுகிறபடியால் இன்னொருவரை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தார். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தார். எகிப்துப் பயணத்தை 'மிஸ்ரின் வசியம்' என்றும் கிழக்காபிரிக்கப் பயணத்தைக் 'கிழக்காபிரிக்கக் காட்சிகள்' என்றும் தமிழில் நூலாக்கியவர். யாழ்ப்பாணத்தார் ஒருவர் உலகம் பார்த்துவந்து தமிழில் எழுதிய நூல்கள் அவை. அவர் பிறந்த சமூகம் யாழ்ப்பாணம் பற்றிய இன்றைய பயண எழுத்தில் இல்லாமல் போவது வேதனை தருகிறது.

இல்லாமல் போனதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுதுவதில்லை. 1990 அக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை உஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து மைதானத்தில் கூட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்றார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. கையில் விட்டது சில நூறு ரூபாய். அந்த மாதத்தின் பிற்பாதிக்குள் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பெரும்பகுதியினர் புத்தளம் போய்ச் சேர்ந்தனர். முகாமில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் புலிகள் தரப்பு வருத்தம் தெரிவித்தது. 2009க்குப் பிறகு குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. பலருக்கு இன்று புத்தளத்தில் ஒரு வீடும் யாழ்ப்பாணத்தில் ஒரு காணியும், இரண்டுக்கும் நடுவில் வாழ்க்கையும்.

இதை எழுதாமல் 'யாழ்ப்பாண மக்களின் விருந்தோம்பல்' என்று பத்தி பத்தியாக எழுதும்போது, வாசகன் அந்த ஊரின் ஒரு பகுதியினரைத் தெரியாமலேயே போய்ச் சேருகிறான். ஐந்து சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, 'இங்கே முஸ்லிம்களும் இருக்காங்களா? எப்ப வந்தீங்க?' என்று கேட்கிறான். நானே காதால் கேட்ட கேள்வி அது. கேட்டவர் நல்ல மனிதர். அவர் கையில் இருந்த வழிகாட்டி அவரைக் கைவிட்டிருந்தது. கடைக்காரர் கோபப்படவில்லை. 'நாங்க வந்த ஆக்கள் இல்ல தம்பி, திரும்பி வந்த ஆக்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனார்.

நம் பக்கத்துக் குறை

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் நம் வாசகர்களுக்கு உவப்பாக இருக்கும். ஆனால் விமர்சனம் நம் வீட்டுக்குள்ளும் வர வேண்டும்.

நம் சமுதாய இதழ்களில் வரும் யாழ்ப்பாணக் கட்டுரைகள் வேறொரு வழியில் தவறுகின்றன. அவை நேராகச் சோனகத் தெருவுக்குப் போகின்றன. கூரை விழுந்த வீட்டைப் படம் எடுக்கின்றன. திரும்பி வரும் வழியில் ஆட்டோக்காரரிடம், 'உங்க ஆளுங்க ஏன் இப்படிச் செஞ்சாங்க?' என்று கேட்கின்றன. அவருடைய தயக்கத்தைக் குற்ற ஒப்புதலாக எழுதுகின்றன. அந்த ஆட்டோக்காரர் 1990இல் பிறந்திருப்பாரா என்று கூட நாம் கேட்டுக்கொள்வதில்லை.

அந்த மனிதரின் வீட்டிலும் திகதிகள் இருக்கின்றன. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப் படையினர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் இறந்தார்கள். நம் கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு என்பதை மறந்துவிட்டு நாம் அந்த மருத்துவமனை ரோட்டில் நடக்கிறோம். 'இந்தியன் ஆமி' என்ற சொல்லை அங்கே வயதானவர்கள் எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெரியும்.

1995 அக்டோபர் 30. முஸ்லிம்கள் விரட்டப்பட்ட அதே திகதி, சரியாக ஐந்து ஆண்டு கழித்து. ராணுவம் நெருங்கிவர, புலிகளின் அறிவிப்பின் பேரில் வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். மழையில், நாவற்குழிப் பாலத்தில், கைக்குழந்தையோடும் கிழவர்களோடும். இரண்டு வெளியேற்றங்களும் ஒன்றல்ல. முதலாவது ஒரு சமூகத்தை அதன் மதத்தின் பேரால் பிரித்தெடுத்து, சொத்தைப் பறித்து அனுப்பியது. இரண்டாவது போரின் நடுவே நடந்த பெயர்வு. அவர்களில் பலர் சில மாதங்களில் திரும்பினார்கள். இந்த வேறுபாட்டை மழுப்பக் கூடாது. ஆனாலும் அக்டோபர் 30 என்று நாம் சொல்லும்போது எதிரில் இருப்பவர் மனத்தில் வேறொரு அக்டோபர் 30 எழக்கூடும் என்று தெரிந்து போகிறவன் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். 'அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?' என்று கேட்கலாம். அது விசாரணையாகாது. சொல்ல விருப்பமுள்ளவர் சொல்வார். என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்களில் சிலர், தாங்களாகவே, பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன கதைக்கு வந்து சேர்ந்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகும் வேறு சிலருக்கும் ஒரு வார்த்தை. புலிகளின் சின்னம் போட்ட பனியன், தலைவர் படம், கோஷம் எல்லாம் ஊரில் இருப்பவனுக்கு உணர்ச்சி. அங்கே 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. நீங்கள் மூன்றாம் நாள் கப்பல் ஏறிவிடுவீர்கள். உங்களுக்குச் சோறு போட்ட வீட்டுக்காரர் விசாரணைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

ஆளில்லா வீடு

பிறர் வீட்டுக்குள் நுழைவது பற்றி நமக்குத் தெளிவான ஒழுக்கம் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அந்நூர் அத்தியாயத்தின் 27 முதல் 29 வரையான வசனங்கள் அதைப் பேசுகின்றன. அனுமதி பெற்று, ஸலாம் சொல்லியே நுழைய வேண்டும். திரும்பிப் போங்கள் என்றால் திரும்பிவிட வேண்டும், மனவருத்தம் கூடாது. யாரும் குடியிராத, நமக்குப் பயனுள்ள இடங்களுக்குள் போவதில் குற்றமில்லை. இந்தக் கடைசி விலக்குக்குச் சத்திரம், கடை போன்ற பொது இடங்களைத் தப்ஸீர் ஆசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள்.

யாழ்ப்பாணத்திலும் இதற்கு நேரான வழக்கம் இருக்கிறது. வளவைச் சுற்றி வேலியோ மதிலோ, அதில் ஒரு படலை. அறிமுகமில்லாதவர் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போவதில்லை. வெளியே நின்று 'வீட்டுக்காரர்!' என்று கூப்பிட வேண்டும். உள்ளிருந்து 'ஆரது? வாங்கோ' என்று குரல் வந்த பிறகே கால் வைக்க வேண்டும். சைவர் வீடு, கிறிஸ்தவர் வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசம் இதில் கிடையாது. இந்த ஒரு வழக்கத்தை எல்லா வழிகாட்டியும் முதல் பக்கத்தில் போட்டிருக்கலாம்.

அப்படியானால் சோனகத் தெருவின் இடிந்த வீட்டுக்குள் நாம் கேமராவோடு நுழைகிறோமே, அது எந்த வகை? கூப்பிட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஆனால் அது சத்திரமுமில்லை. வீட்டுக்காரர் புத்தளத்திலோ கொழும்பிலோ, ஏன், லண்டனிலோ இருக்கிறார். உறுதி அவர் பெட்டியில் இருக்கலாம், தொலைந்தும் போயிருக்கலாம். வறுமையில் அடிமாட்டு விலைக்கு விற்றவர்களும் உண்டு. இன்னொருவர் குடியிருந்து வழக்கானவையும் உண்டு. ஒருவர் பத்து ஆண்டு தடையின்றி ஆண்ட நிலத்துக்கு உரிமை கோரலாம் என்பது இலங்கைச் சட்டம். போரால் தம் நிலத்துக்கு வர முடியாமல் போனவர்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து பாதுகாப்புத் தர 2016இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இந்த நிலையில் தெருவில் நின்று, 'இது யாரு வீடு? இப்ப யாரு இருக்கா?' என்று உரக்கக் கேட்பது பயணியின் ஆர்வமாக எடுத்துக்கொள்ளப்படாது. காணி வழக்கில் தலையிடுவதாகவே அக்கம்பக்கம் நினைக்கும். பதிலைச் சொன்னவர் பிறகு அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

ஆகவே அந்தப் படங்களைப் பற்றி எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இடிந்த வீட்டின் படத்தை அச்சிடுவதற்கு முன், பள்ளிவாசல் நிர்வாகிகளிடமோ தெருவில் திரும்பிக் குடியேறியவர்களிடமோ கேட்டுவிட்டு அச்சிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்தத் தெருவில் இன்று புதுச் சுவரும் நிற்கிறது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் நடக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் நடக்கிறது. நம் கட்டுரைகளில் இவை ஏன் வருவதில்லை? சிதைந்த சுவர் நம் துக்கத்துக்கு வசதியாக இருக்கிறது. திரும்பி வந்து கடை திறந்தவரின் கஷ்டத்தை எழுத அவரோடு உட்கார்ந்து கதைக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும்.

பழைய பயணி ஒருவர்

1344இல் இப்னு பதூதா மாலத்தீவிலிருந்து மஅபருக்குப் புறப்பட்டு, காற்று திசை மாறி இலங்கைக் கரை சேர்ந்தார். அவர் பத்தாலா என்று குறிப்பிடும் ஊரைப் புத்தளம் என்றே ஆய்வாளர் பெரும்பாலும் கொள்வர். அந்தக் கரை அப்போது யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. அந்த அரசனைப் பற்றி மாலுமிகள் அவரிடம் நல்லதாகச் சொல்லவில்லை. அவரோ கேட்டதை வைத்து முடிவு கட்டவில்லை. கரையில் கேட்டவர்களிடம் தம்மை யாரென்று தெரிவித்து, அரசன் அழைத்த பிறகே அவனிடம் போனார். அரசனுக்குப் பாரசீகம் விளங்கியது. மூன்று நாள் மரியாதையாக வைத்திருந்தான். முத்துகளைக் காட்டி, கூச்சப்படாமல் வேண்டியதைக் கேள் என்றான். இப்னு பதூதா முத்து கேட்கவில்லை. ஆதம் மலைக்குப் போக வழி கேட்டார். அரசன் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினான்.

அவருடைய ரிஹ்லாவில் மார்க்க வேறுபாடு மறைக்கப்படவில்லை. அரசன் தம் மார்க்கத்தவன் இல்லை என்பதைப் பட்டவர்த்தனமாக எழுதுகிறார். அதற்காக அவன் செய்த உபசாரத்தைக் குறைத்தும் எழுதவில்லை. பயண எழுத்துக்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தோன்றவில்லை: முன்கூட்டித் தீர்ப்பு எழுதாமல் போவது, அனுமதி கேட்டு நுழைவது, வீட்டுக்காரர் தரக்கூடியதை மட்டும் கேட்பது, கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவது.

யாழ்ப்பாண அரசன் ஒரு முஸ்லிம் பயணியை வரவேற்ற அதே புத்தளத்துக்குத்தான் யாழ்ப்பாண முஸ்லிம்கள் 1990இல் அகதிகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழிகாட்டி ஒன்றுகூட என் கையில் கிடைக்கவில்லை.

நம் இதழ்களில் அடுத்து யாழ்ப்பாணக் கட்டுரை எழுத உட்காருபவர்களுக்கு என் வேண்டுகோள் நீளமானதில்லை. அனுமதி, அடாப்டர், கப்பல் நேரம் எல்லாம் எழுதுங்கள். அதோடு நல்லூரையும் சோனகத் தெருவையும் ஒரே கட்டுரையில் எழுதுங்கள். இரண்டு அக்டோபர் 30களையும், அவற்றின் வேறுபாட்டோடு, எழுதுங்கள். 'நீங்களும் தமிழர்தானே', 'உங்க ஆளுங்க ஏன் செஞ்சாங்க', 'எப்ப வந்தீங்க' என்ற மூன்று வாக்கியங்களையும் பையிலிருந்து எடுத்து ஊரிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். போகிறவர் படலையில் நின்று கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கட்டும். 'வாங்கோ, இருங்கோ' என்று அவர்களே சொல்வார்கள். அதற்குப் பிறகு யார் எதைச் சொல்ல விரும்புகிறார்கள் என்பது அவர்கள் பாடு. கேட்பது நம் பாடு.